டெக்சாஸில் லைசென்ஸ் வேண்டாம்தான், ஆனால் உங்கள் கையில் கிரீன் கார்டு இருக்கிறது

கேள்வி: வணக்கம் சார். ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் குடும்பத்தோடு இருக்கிறேன். எச்-1பியில் பல வருடம் ஓட்டி, போன வருடம்தான் எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்தது. நண்பர் ஒருவர் கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறார். இரண்டு மாதம் முன்பு ராத்திரி கடையில் புகுந்து அவர் நெற்றியில் துப்பாக்கி வைத்துப் பணத்தைப் பிடுங்கிப் போனார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை. கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டேன். டெக்சாஸில் இப்போது லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள், உண்மையா? பையனைப் பள்ளியில் விடப் போகும்போதும், பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போதும் வைத்துக்கொள்ளலாமா? கோடை விடுமுறையில் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் காரிலேயே போகிறோம். வழியில் பாதுகாப்புக்கு எடுத்துப் போகலாமா? தம்பி எச்-1பியில் இருக்கிறான். அடுத்த மாதம் அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வருகிறார்கள், அப்பாவை ஒருநாள் ஷூட்டிங் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) அழைத்துப் போக ஆசை. மனைவிக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பருக்கு நடந்ததைப் படித்தபோது மனசு கனத்தது. அந்தப் பயம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. நேரடியான பதில்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பள்ளி விஷயத்தில் இப்போதைய நிலையில் கூடாது. நியூ ஜெர்சிக்குக் கண்டிப்பாகக் கூடாது. அப்பா அதைத் தொடக்கூட வேண்டாம். தம்பி வீட்டில் அது ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. காரணங்களைத் தெரிந்துகொண்டால் தான் இந்தக் 'கூடாது'களை நீங்கள் உண்மையாகக் கடைப்பிடிப்பீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெக்சாஸ் என்றாலே துப்பாக்கி என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1871 முதல் 1995 வரை, சாதாரண மனிதர் பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அங்கே பெரும்பாலும் குற்றம்தான். அது மாறியதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் ஊரில் லூபீஸ் என்ற சாப்பாட்டுக் கடைக்குள் ஒருவன் பிக்கப் வண்டியை மோதி உள்ளே விட்டு, 23 பேரைச் சுட்டுக் கொன்றான். பெற்றோருடன் சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் என்ற பெண், சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணெதிரே அப்பாவும் அம்மாவும் இறந்தார்கள். அதன்பின் அவர் ஊர் ஊராகப் போய் சாட்சி சொன்னார், பிறகு சட்டமன்றத்துக்கே தேர்வானார். 1995-இல் அன்றைய கவர்னர் ஜார்ஜ் புஷ் லைசென்ஸ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2016-இல் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளவும் அனுமதி வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு லைசென்ஸே தேவையில்லை என்றாகிவிட்டது. ஆக, உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மைதான். 2024 கணக்கில் 29 மாநிலங்கள் இந்த வழிக்கு வந்துவிட்டன.

மறுபக்கம் நியூயார்க். அங்கே நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது: உனக்கு மட்டும் என்ன தனி ஆபத்து என்று நிரூபித்தால்தான் பெர்மிட். நியூ ஜெர்சி, கலிபோர்னியா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் எல்லாம் ஏறக்குறைய அதே வழியில் இருந்தன. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், தற்காப்புக்காகப் பொது இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை, தனிக் காரணம் கேட்கக் கூடாது என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 'இனி நாடு முழுக்க ஒரே சட்டம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். மாநிலம் லைசென்ஸ் கேட்கலாம், பயிற்சி கேட்கலாம், சில இடங்களில் தடை போடலாம் என்று அந்தத் தீர்ப்பே ஏற்றுக்கொள்கிறது. நியூயார்க் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களிலேயே புதுச் சட்டம் போட்டு டைம்ஸ் ஸ்கொயர், சப்வே என்று தடை இடங்களை நீளமாக அடுக்கியது. ஒரு மாநிலத்தின் லைசென்ஸை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இன்றுவரை இல்லை. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இது எல்லை தாண்டிச் செல்லாது. அப்படி ஆக்க ஒரு மசோதா 2017 டிசம்பரில் கீழவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை.

சரி, டெக்சாஸுக்குள் வருவோம். லைசென்ஸ் வேண்டாம் என்றால் தடை இடமே இல்லை என்று அர்த்தம் இல்லை. பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, ஏர்போர்ட்டின் பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால், பள்ளி கல்லூரி மற்றும் தொழில்முறை விளையாட்டுப் போட்டிகள், மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம் இவையெல்லாம் தடை இடங்கள். பலவற்றில் மாட்டினால் 2 முதல் 10 வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றம். வாக்குச்சாவடியை நாம் லேசாக நினைத்துவிடுவோம், நமக்கு ஓட்டு இல்லையே என்று. முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் உங்கள் ஏரியா நூலகமே வாக்குச்சாவடியாக இருக்கும். பையனுக்குப் புத்தகம் எடுக்க இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே போனால் அது குற்றம்.

கடை வாசல்களில் இருக்கும் பலகைகளை நின்று படியுங்கள். மதுபானம் விற்பதில்தான் பாதிக்கு மேல் வருமானம் என்ற இடங்களில் பெரிய சிவப்பு எழுத்தில் 51% என்று இருக்கும். அங்கே லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைத்துப்பாக்கிக்குத் தடை. மற்ற கடைகளில் மூன்று வகைப் பலகை உண்டு, குற்றவியல் சட்டப் பிரிவு எண்ணாலேயே அவற்றைச் சொல்வார்கள்: 30.05 லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு, 30.06 லைசென்ஸ் வைத்து மறைத்து எடுத்து வருபவர்களுக்கு, 30.07 லைசென்ஸ் வைத்து வெளியே தெரியும்படி வைப்பவர்களுக்கு. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒரு அங்குல உயர எழுத்தில், பளிச்சென்று தெரிகிற நிறத்தில் 30.06-உம் 30.07-உம் இருக்க வேண்டும். பலகையைக் கவனிக்காமல் போனால் பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். வெளியே போங்கள் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் நின்றால் ஒரு வருடம் வரை சிறை. யாராவது வந்து சொன்னால், வாதாடாமல் அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள். அந்த இடத்தில் உரிமை பேசி உங்களுக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை.

இப்போது பள்ளி. இங்கேதான் 'லைசென்ஸ் தேவையில்லை' என்ற வார்த்தை ஆளைக் கவிழ்க்கும். மாநிலச் சட்டத்துக்கு மேலே மத்திய அரசின் பள்ளி வளாகச் சட்டம் ஒன்று இருக்கிறது. 12-ஆம் வகுப்பு வரையிலான எந்தப் பள்ளியிலிருந்தும் 1,000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், துப்பாக்கி இருக்கக் கூடாது. விலக்கு யாருக்கு? அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு. அல்லது துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டிக்குள் இருந்தால். டெக்சாஸ் லைசென்ஸ் கேட்பதில்லை என்பதால் உங்களிடம் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாததால் மத்திய சட்டத்தின் விலக்கும் இல்லை. கேட்டி மாதிரிப் புறநகரில் வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழியிலேயே இரண்டு பள்ளி வந்துவிடும். தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு அந்தச் சாலையில் ஓட்டிப் போனாலே சட்டப்படி நீங்கள் மீறியவர். போலீஸ் இதற்காகத் தினமும் வழியில் நிறுத்திப் பிடிப்பதில்லை என்பது உண்மை. வேறு ஏதாவது காரணத்துக்குப் பிடிபடும்போது இதுவும் சேர்ந்து வரும்.

ஆகவே என் முதல் ஆலோசனை: வெளியே எடுத்துப் போவதாக இருந்தால், தேவையில்லை என்றாலும் டெக்சாஸ் எல்.டி.சி. (License to Carry), அதாவது கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸை எடுங்கள். கட்டணம் 40 டாலர். நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, 3, 7, 15 கஜ தூரத்தில் மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். கிரீன் கார்டுக்காரர்களும் விண்ணப்பிக்கலாம். அந்த வகுப்பில் சுடுவதைவிட எப்போது சுடக் கூடாது என்பதைத்தான் அதிகம் சொல்லித் தருவார்கள், உங்களுக்கு அதுதான் வேண்டும். நெடுஞ்சாலையில் ஒருவன் குறுக்கே வெட்டிப் போனான் என்று துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினால், ஒரு குண்டுகூடச் சுடாமலே 2 முதல் 20 வருடம் வரை போகக்கூடிய தாக்குதல் வழக்கு உங்கள் மேல் வரும். அதுவரை நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர்கள் ஒரு நிமிடக் கோபத்தில் இப்படி மாட்டுகிறார்கள்.

இனி நான் சொல்வதை உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

அமெரிக்கக் குடிமகன் ஒருவர் துப்பாக்கிச் சட்டத்தில் தவறினால் அபராதமோ சிறையோ கிடைக்கும், முடிந்த பிறகு வீட்டுக்கு வருவார். நீங்கள் தவறினால் வீடு எந்த நாட்டில் என்பதே கேள்வியாகிவிடும். குடியேற்றச் சட்டத்தில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது: துப்பாக்கி வாங்கியது, விற்றது, வைத்திருந்தது, எடுத்துச் சென்றது என்று எந்த வகையிலாவது, எந்த மாநிலச் சட்டத்தின் கீழாவது தண்டனை பெற்றால் அவரை நாடு கடத்தலாம். கிரீன் கார்டு இருந்தாலும் சரி. யாரையும் காயப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. சிறைக்கே போயிருக்க வேண்டியதில்லை. சின்னக் குற்றமா பெரிய குற்றமா என்றும் அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

நாடு கடத்தலை ரத்து செய்யச் சொல்லிக் குடியேற்ற நீதிபதியிடம் கெஞ்சிக் கேட்க ஒரு வழி உண்டு. அதற்குக் கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், மொத்தம் ஏழு வருடம் இங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். உங்களுக்குக் கார்டு வந்தது போன வருடம். அந்தக் கதவு உங்களுக்கு இன்னும் திறக்கவே இல்லை. இந்த ஐந்து வருடம் நீங்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தம்பி, அப்பா விஷயம் இதைவிடக் கடுமை. எச்-1பி, எஃப்-1, விசிட்டர் விசா என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். 2022-இல் தண்டனையை 15 வருடம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் வைத்திருந்ததுதான். ரெஹைஃப் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஸ்டூடண்ட் விசாவில் ஃப்ளோரிடாவுக்குப் படிக்க வந்தவர் அவர். பல்கலைக்கழகம் நீக்கியதும் விசா தகுதி போனது. பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், அதற்காகவே வழக்கு வந்து தண்டிக்கப்பட்டார். 2019-இல் உச்ச நீதிமன்றம், தன் குடியேற்ற நிலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் எச்-1பியில் இருப்பவருக்குத் தான் எச்-1பி என்பது தெரியாமலா இருக்கும்? சட்டம் தெரியாது என்று சொல்வதற்கு அந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை.

ஒரு விலக்கு இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரருக்கு இந்தத் தடை பொருந்தாது. ரேஞ்சுக்குப் போவதற்காகவே சிலர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் அது சரிதான். ஆனாலும் இரண்டு மாதம் பேரனோடு இருக்க வருகிற உங்கள் அப்பாவை அந்தக் காகிதத்தை நம்பி ரேஞ்சுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தேதி தவறிய லைசென்ஸ், தவறுதலாக அவர் பையில் போன ஒரு தோட்டா போதும், அடுத்த முறை விசா கேட்கும்போது அவர் தூதரக ஜன்னலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். கொடுத்த உங்கள் மேலும் வழக்கு வரலாம். அப்பாவை கால்வெஸ்டன் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள், நாசா மையத்துக்கு அழைத்துப் போங்கள். ரேஞ்ச் வேண்டாம்.

அவர்கள் வந்து தங்கும் காலத்தில் வீட்டிலும் ஒரு ஏற்பாடு வேண்டும். துப்பாக்கி பூட்டிய பெட்டகத்தில் இருக்கட்டும், சாவியோ நம்பரோ கிரீன் கார்டு உள்ள உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். படுக்கையறை அலமாரியில் சும்மா வைத்தால், அதே வீட்டில் இருக்கும் அப்பாவின் கைக்கும் அது எட்டும் என்று ஒரு அரசு வழக்கறிஞர் வாதிட முடியும். பையன் இருக்கிற வீடு என்பதால் இது எப்படியும் செய்ய வேண்டியதுதான். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி வைப்பதே டெக்சாஸில் குற்றம். உங்கள் மனைவி பயப்படுவதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொள்பவர்கள். வெளியிலிருந்து வரும் திருடனைப் பற்றி மட்டும் யோசித்தால் போதாது என்று அவர் சொன்னால், அவர் சொல்வது சரி.

இப்போது எடிசன் பயணம். கேட்டியிலிருந்து லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, டென்னசி வரை உங்களுக்குச் சிக்கல் குறைவு, அவையெல்லாம் லைசென்ஸ் கேட்காத மாநிலங்கள். வர்ஜீனியாவில் மறைத்து வைக்க பெர்மிட் வேண்டும். அப்புறம் 81-ஆம் நெடுஞ்சாலை மேரிலாந்துக்குள் வெறும் 12 மைல் ஓடுகிறது. பத்து நிமிடம்தான், பாட்டுக் கேட்டுக்கொண்டே கடந்துவிடுவீர்கள். மேரிலாந்து எந்த வெளிமாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் வேகத்துக்காக நிறுத்தப்பட்டால், கேட்டியில் சட்டப்படி இருந்த அதே பொருள் அங்கே குற்றப் பொருள்.

கடைசியில் நியூ ஜெர்சி. பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் அங்கே 5 முதல் 10 வருடம். கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி குறைந்தது 42 மாதம் முடியும் வரை பரோலே கிடையாது. கையில் ஹாலோ பாயிண்ட் தோட்டா (உடலில் பட்டதும் விரியும் வகை) இருந்தால் அதற்குத் தனியாக வழக்கு. 2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், தன் ஊர் பெர்மிட் செல்லும் என்று நினைத்து நியூ ஜெர்சிக்குள் வந்தார். லேன் மாறியதற்காகப் போலீஸ் நிறுத்தியது. மறைக்க எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில், துப்பாக்கி இருக்கிறது, இதோ பெர்மிட் என்று அவரே எடுத்துச் சொன்னார். கைது செய்துவிட்டார்கள். நாடு முழுக்கச் சத்தம் எழுந்த பிறகே அரசு வழக்கறிஞர் சிறையில்லாத திட்டத்துக்கு இறங்கி வந்தார், 2015-இல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்தார். அந்தப் பெண் அமெரிக்கக் குடிமகள். இதே நிலையில் நீங்கள் தண்டிக்கப்பட்டு, பிறகு கவர்னரே உங்களை மன்னித்தாலும், துப்பாக்கிக் குற்றத்துக்கான நாடுகடத்தல் பிரிவை அந்த மன்னிப்பு துடைக்காது. வேறு சில குற்றங்களுக்குத்தான் குடியேற்றச் சட்டம் அந்தச் சலுகையைத் தருகிறது.

'பூட்டி டிரங்கில் வைத்தால் மத்திய சட்டம் பாதுகாக்குமே' என்று யாராவது சொல்வார்கள். 1986-இல் வந்த அந்தச் சட்டம் இருப்பது உண்மை. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் நீங்கள் அதைச் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், தோட்டா நீக்கி, கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி, நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கலாம். க்ளவ் பாக்ஸ் பூட்டிய இடமாகக் கணக்கில் வராது. உங்கள் கதையில் போய்ச் சேரும் இடமே நியூ ஜெர்சி, எனவே முதல் நிபந்தனையிலேயே நீங்கள் வெளியே. கடந்து போகிறவர்களுக்குக்கூட அது எவ்வளவு மெல்லிய பாதுகாப்பு என்று பாருங்கள். 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போய்க்கொண்டிருந்த ஒருவர், சட்டப்படி அறிவித்து, பூட்டிய பெட்டியில் துப்பாக்கியை விமானத்தில் போட்டிருந்தார். விமானம் தாமதமானதால் நியூவர்க்கில் இணைப்பு தவறியது. பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரு ராத்திரி ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை ஏர்போர்ட் கவுண்டரில் வழக்கம்போல் மறுபடி அறிவித்தார், அங்கேயே கைது. குற்ற வழக்கு பிறகு கைவிடப்பட்டது. தன்னைக் கைது செய்தது தவறு என்று அவர் நஷ்டஈடு கேட்டுப் போனார். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹோட்டலில் அந்தப் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்தது, ஆகவே மத்திய சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. நீங்களோ குடும்பத்தோடு வழியில் இரண்டு ராத்திரியாவது மோட்டலில் தங்குவீர்கள்.

இத்தனையும் தாண்டி எடிசன் போய்ச் சேர்ந்தாலும், அதை வைப்பது எங்கே? தம்பி வீட்டில். எச்-1பியில் இருக்கிற தம்பியின் அலமாரியில். விசாக்காரர் துப்பாக்கி வைத்திருந்த குற்றம் நிரூபணமானால் குடியேற்றச் சட்டம் அதை மிகக் கடுமையான குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது, அதிலிருந்து மீள வழி அநேகமாக இல்லை. அண்ணன் கொண்டுவந்த பொருளால் தம்பியின் வாழ்க்கை போய்விடக் கூடாது. துப்பாக்கி கேட்டியிலேயே பெட்டகத்தில் இருக்கட்டும்.

வண்டியில் துப்பாக்கி இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் நிறத்து மனிதர்கள் இதைத் தெரிந்தே இருக்க வேண்டும். இன்ஜினை அணையுங்கள். ராத்திரி என்றால் உள்விளக்கைப் போடுங்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். லைசென்ஸோ இன்ஷூரன்ஸோ எடுக்க அவசரப்பட்டு எதையும் திறக்காதீர்கள். அதிகாரி வந்ததும் 'என்னிடம் டெக்சாஸ் லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கி இந்த இடத்தில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டுவிட்டு அசையாமல் இருங்கள். எல்.டி.சி. வைத்திருப்பவரிடம் அடையாள அட்டை கேட்டால் அந்த லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ கேஸ்டீல் என்ற கறுப்பின இளைஞர், சட்டப்படி பெர்மிட் வைத்திருந்தவர், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார். சில நொடிகளில் அதிகாரி அவரைச் சுட்டுக் கொன்றார், பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை. அந்த அதிகாரி அடுத்த வருடம் விடுதலையானார். எல்லாம் முறைப்படி செய்தாலும் ஆபத்து முழுக்க நீங்குவதில்லை. துப்பாக்கி வண்டியில் இருக்கும்போது சாதாரண நிறுத்தமும் சாதாரணமாக இருக்காது என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டுதான் இதை எடுத்துப் போகிறீர்கள்.

கோயில் பற்றிச் சொல்கிறேன். 2019-இல் டெக்சாஸ் சட்டத்தைத் திருத்தியது. வழிபாட்டு இடத்தின் நிர்வாகம் பலகை வைத்தோ நேரில் சொல்லியோ தடுக்காவிட்டால், லைசென்ஸ்காரர் துப்பாக்கியோடு உள்ளே வரலாம். சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயப் படுகொலைக்குப் பிறகு இப்படி வந்தது. பயம் எல்லா மதத்துக்கும் உண்டு, 2012-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் குருத்வாராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நாம் யாரும் மறக்கவில்லை. இருந்தாலும் என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். கூட்டத்தில் குழந்தைகள் இடித்துக்கொண்டு ஓடுகிற இடம். சந்நிதியில் வேட்டியோடு சாஷ்டாங்கமாக விழும்போது இடுப்பில் உள்ளது எங்கே போகும்? காரில் விட்டுப் போவதும் நல்லதல்ல, வார இறுதியில் கோயில் பார்க்கிங்கில் கண்ணாடி உடைத்துத் திருடுபவனுக்கு அதைவிட விலையுள்ள பொருள் கிடைக்காது. பாதுகாப்பில் அக்கறை என்றால் நிர்வாகக் குழுவிடம் பேசி, பயிற்சி பெற்ற காவலரை விசேஷ நாட்களில் அமர்த்தச் சொல்லுங்கள். அதற்கு நன்கொடை கொடுங்கள்.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் ஏதாவது நடந்து வழக்கு வந்துவிட்டால், குற்ற வழக்கறிஞரிடம் முதல் வாக்கியமாக 'நான் குடிமகன் இல்லை, கிரீன் கார்டு' என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் நாடு கடத்துவார்களா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் பதில்லா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும். டெக்சாஸில் 'டெஃபர்டு' என்று ஒன்றை ஆசையாக நீட்டுவார்கள்: ஒப்புக்கொள், நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடி, தண்டனை பதிவாகாது. மாநிலக் கணக்கில் அப்படித்தான். குடியேற்றச் சட்டத்தின் கணக்கில் ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் காலம் வாங்கினாலே அது தண்டனைதான். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போனது. ரேஞ்சுக்கு எடுத்துப் போகிற பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறு எந்தப் பயணத்துக்கும் தொடாதீர்கள். 2023-இல் மட்டும் அமெரிக்க ஏர்போர்ட் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் கைப்பையில் சிக்கின, பெரும்பாலானவற்றில் தோட்டா நிரப்பியிருந்தது. மறந்துவிட்டேன் என்பதுதான் அநேகமாக எல்லோரும் சொன்ன காரணம். அம்மா அப்பா ஊர் திரும்பும்போது அந்தப் பையின் அடியில் ஒற்றைத் தோட்டா கிடந்து, அது சென்னை ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரிந்தால், அங்கே 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது நம் ஊரிலும் குற்றம். அவர்களுக்குப் புதுப் பெட்டியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.